வட்டமில்லாத வேலை

காலைக் கொஞ்சம் அக்கட்டால நகத்திக்கோங்க தம்பி. அந்தச் சாக்கு சாஞ்சு உங்க பாதத்து மேல விழுந்துச்சுன்னா, பொள்ளாச்சியில நீங்க நொண்டிக்கிட்டுத்தான் எறங்கோணும். தேங்காய் இல்லீங்க. பொள்ளாச்சிக்கே தேங்காய் கொண்டுக்கிட்டுப் போற அளவுக்கு நான் இன்னும் முத்தல. இரும்புங்க. இருபத்தி மூணு கிலோ. கண்டக்டர் தொட்டுப் பாத்துட்டு, "என்ன பெரியவரே, உள்ள ரயில் தண்டவாளமா"ன்னு கேட்டுட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டாரு.

நீங்க எங்க, பொள்ளாச்சிங்களா? தென்னைக்கு மருந்து விக்கறவரா? அந்த வெள்ளை ஈக்கா? நல்லதாப் போச்சு. கடைசி வரைக்கும் வருவீங்க. எனக்குப் பேசறதுக்கு ஆள் இல்லாம இருபத்தாறு நாள் ஆச்சுங்க. ஊட்ல செவுத்தப் பாத்துப் பேசிக்கிட்டிருக்கறேன். செவுரு "சரிங்க"ன்னு கூடச் சொல்ல மாட்டேங்குது.

எம்பேரு ஆறுச்சாமி. கோயமுத்தூரு கணபதியில லேத் வெச்சிருக்கறேன். ஊட்டோட ஒட்டுன ஷெட்டு. ஆறடி லேத் ஒண்ணு, ட்ரில்லிங் மெஷின் ஒண்ணு, சாணைச் சக்கரம் ஒண்ணு. லேத் பாத்திருக்கீங்களா? இரும்பைக் கவ்விச் சுத்த உட்டு, ஓரமா உளியைக் காட்டுனா உருண்டையாச் சீவிக்கிட்டு வரும். அவ்வளவுதான். உருண்டையா இருக்கற சாமான் எதைக் கேட்டாலும் செஞ்சு குடுத்துருவேன். முப்பத்தி ரெண்டு வருசமா அதான் சோலி. ஆனா உருண்டையா இல்லாத சாமானும் ஒலகத்துல இருக்குது பாருங்க. சதுர ஓட்டை, நட்சத்திர ஓட்டை, மாங்கொட்டை மாதிரி ஒரு ஓட்டை. அது லேத்துல வராது. அதுக்கு வைஸுங்கற இரும்புக் கவ்வியில புடிச்சு இறுக்கி, அரத்தை எடுத்துக் கையாலதான் ராவோணும். அந்த வட்டமில்லாத வேலையெல்லாம் எங்க ஊட்டுக்காரி பாக்கறது. வசந்தாமணி.

நாந்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். கண்ணாலமான புதுசுல சோறு கொண்டாந்து குடுத்துட்டு சும்மா உக்காந்திருப்பா. சும்மா எதுக்கு உக்காந்திருக்கறே, இந்தா இதை ராவுன்னு குடுத்தேன். மூணு நாள் சொல்லிக் குடுத்தேன். நாலாம் நாள்ல இருந்து அவ எனக்குச் சொல்லிக் குடுத்தா.

கையின்னா அது கையிங்க. தகடு வெட்டற டைன்னு ஒண்ணு இருக்குது. கனமான ஒரு இரும்புப் பட்டையில நட்சத்திர ஓட்டை. அதே நட்சத்திரத்துல ஒரு இரும்பு அதுக்குள்ள எறங்கோணும். முட்டவும் கூடாது, ஆடவும் கூடாது. அவ ராவுன டையை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா, நட்சத்திரத்தைச் சுத்தி ஒரு தலைமுடி அகலத்துக்கு வெளிச்சம் தெரியும். எந்த மூலையிலயும் எச்சு கொறச்சல் இருக்காது. இப்ப அதுக்குப் பெரிய பெரிய கம்ப்யூட்டர் மெஷினெல்லாம் வந்துருச்சு, கம்பியை உட்டு அறுத்துத் தந்துரும். ஆனா அங்க வரிசையில நிக்கோணும். ஒரே ஒரு டை, நாளைக்கே வேணும்னா, எங்க வாடிக்கைக்காரரு ஜெகநாதன் மாதிரி ஆளுக எங்க ஷெட்டுக்குத்தான் வருவாங்க. எங்க ஷெட்டுக்குன்னா, அவகிட்ட.

வந்து என்ன கேப்பாங்க தெரியுமா? "அக்கா இருக்காங்களா?" நான் லேத் முன்னால எண்ணெய்ப் பிசுக்கோட இம்மாம் பெரிய ஆளு நிக்கறேன். என்னையத் தாண்டி எட்டிப் பாத்துட்டு, "அக்கா இருக்காங்களா?" கோயிலுக்குப் போயிருக்கான்னு சொன்னா, "சரி, அப்பறம் வர்றனுங்க"ன்னு வண்டியைத் திருப்பிருவாங்க. எனக்கு அதுல பொறாமை கிறாமையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கட்டுன பொண்டாட்டி மேல ஆருக்காச்சும் பொறாமை வருமா? சும்மா ஒரு நாள் எத்தனை தடவை கேக்கறாங்கன்னு எண்ணிப் பாத்தேன். பதினொண்ணு.

இந்தத் தோள் வலி எப்ப ஆரம்பிச்சுதுன்னா, போன ஆயுத பூசைக்கு மறுநாளு. அதான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. ஏன்னா பூசையன்னைக்குக் காலையில கூட நல்லாத்தான் இருந்தா. மொத நாளே ஷெட்டு முழுக்கக் கூட்டி, இரும்புத் தூளெல்லாம் வாரி, லேத்தைத் தொடைச்சுக் கண்ணாடி மாதிரி வெச்சிருந்தா. வருசா வருசம் பொட்டு வெக்கறதும் அவதான். அன்னைக்குப் பொங்கலும் சுண்டலும் அடுப்புல இருந்ததுனால, "ஏனுங்க, பொட்டு மட்டும் இந்த வருசம் நீங்க வெச்சுருங்க, எதையும் உட்டுராதீங்க"ன்னா.

வெச்சனுங்க. சந்தனத்தைக் கொழைச்சு எடுத்துக்கிட்டு, லேத்துக்கு நாலு எடத்துல வெச்சேன். ட்ரில்லிங் மெஷினுக்கு, சாணைச் சக்கரத்துக்கு, மோட்டாருக்கு, சுவிட்ச் போர்டுக்கு, மொபெட்டுக்கு, எண்ணெய்க் கேனுக்கு. நான் உக்கார்ற ஸ்டூலுக்குக் கூட வெச்சேன். பொட்டு வெக்கறதுல எனக்கு ஒரு கர்வமுங்க. அளவெடுத்த மாதிரி நட்ட நடுவுல வெப்பேன். லேத்துக்காரன் கை, சென்டர் தப்பாது.

அதுக்குள்ள பொரி மூட்டை, பழம், வாழைக்கன்னு, திருஷ்டிப் பூசணிக்காய்னு எல்லாம் வந்து எறங்கிருச்சு. வெக்க எடமில்ல. மூலையில அவ வைஸ் மாட்டியிருக்கற மேசை சும்மாத்தான இருக்குதுன்னு பொரி மூட்டையைத் தூக்கி வைஸ் மேல சாத்துனேன். பக்கத்துல பூசணிக்காய். அந்தக் காயில ஓட்டை போட்டுக் குங்குமமும் சில்லறையும் போடோணும், கத்தியைக் காணோம். கத்தி சமையக்கட்டுல இருக்குது. அதுக்குப் போயி அவ்வளவு தூரம் நடப்பாங்களா? ஏழடி இருக்குமுங்க. அவ அரத்து வரிசையில இருந்து ஒரு அரைவட்ட அரத்தை உருவி, புடியைக் கழட்டிட்டு, அதோட வால் முனையால பூசணிக்காயைக் குத்துனேன். வெண்ணெய் மாதிரி எறங்குச்சு. மூளைடா ஆறுச்சாமி உனக்குன்னு நானே என்னைய மெச்சிக்கிட்டேன். அன்னைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாதுன்னு எனக்கும் தெரியுமுங்க. லேத்துப் பக்கமே போகல பாருங்க.

அவ சுண்டலை எடுத்துக்கிட்டு வந்தா. எல்லா மெஷினையும் ஒரு சுத்து பாத்தா. மூலையைப் பாத்தா. பூசணிக்காய்ல குத்துன வாக்குல அரம் நின்னுக்கிட்டிருந்துச்சு. "இதை எங்கிருந்து எடுத்தீங்க?"ன்னா. "அங்கதான் கெடந்துச்சு"ன்னேன். "கெடந்துச்சா"ன்னா. அவ்வளவுதான். உருவி முந்தானையில தொடைச்சுக் கையிலயே வெச்சுக்கிட்டா. நான் சூடம் காட்டறப்ப அவ கும்புடல. கையில அரம் இருந்துச்சில்ல, அதனால கும்புட முடியலையாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்.

மறுநாள்ல இருந்து தோள் வலி. வைஸ்கிட்ட வரவே இல்ல. அரம் பன்னெண்டையும் துணியில சுத்திப் பரண் மேல போட்டுட்டா. கேட்டா, "தோள் வலிக்குதுங்க, ராவ முடியல." எனக்குப் பதறிப் போச்சு. டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போயி எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு நல்லா இருக்குதுன்னுட்டாரு. அவ அந்தக் கையாலதான் கேஸ் சிலிண்டரைத் தூக்கி வெக்கறா, கொடத்துல தண்ணி எடுக்கறா, மாவு வழிச்சுப் போடறா. அரத்தை மட்டும் தொட முடியல. வலியில எத்தனை தினுசு இருக்குது பாருங்க தம்பி. நான் தைலம் வாங்கியாந்து குடுத்தேன். அதையும் பரண் மேலதான் வெச்சா.

அப்பத்தான் எனக்கு அந்த ரோசனை வந்துச்சு. செல்போன்ல ஒரு வெளிநாட்டுக்காரரு, நரைச்ச தாடி, லேத்து மேலயே ராவற மெஷின் ஒண்ணை மாட்டி ஓட்டறாரு. பேசறது ஒரு எழுத்துப் புரியல. இரும்பு ஓடறது புரிஞ்சுது. லேத்தோட சுத்தற தலையில ஒரு தட்டை மாட்டோணும். தட்டுல நடுவை உட்டு ஒதுங்கி ஒரு முளை. அந்த முளை ஒரு நீட்டு ஓட்டைக்குள்ள ஓடோணும், அதைக் காடின்னு சொல்லுவோம். தட்டு சுத்தச் சுத்த, காடி வெட்டுன சட்டம் மேலயும் கீழயும் ஏறி எறங்கும். சட்டத்துல அரத்தை நட்டக்க நிறுத்துனா அதுவும் ஏறி எறங்கும், தையல் மெஷின் ஊசியாட்ட. மேல ஒரு இரும்பு மேடை, மேடையில ஒரு ஓட்டை, அது வழியா அரம். டையை மேடை மேல வெச்சு அரத்துல காட்டிக்கிட்டே இருந்தாப் போதும், அதுவே ராவிரும்.

அவ தோளுக்காகத்தான் செஞ்சேன். சத்தியமா. இனிமே ஆரும் வந்து "அக்கா இருக்காங்களா"ன்னு கேக்க மாட்டாங்கங்கறது அதுக்குள்ள ஒரு சின்ன லாபம். சின்னதுதான்.

பழைய பம்ப்செட் அடித்தட்டு ஒண்ணு கெடந்துச்சு, அதை மேடையாக்குனேன். பக்கத்து ஷெட்டு வெல்டர் மயில்சாமி வந்து பத்த வெச்சுக் குடுத்தான். "என்னண்ணா இது, இட்லி சட்டிக்குக் காலு வெச்ச மாதிரி இருக்குது"ன்னான். எடக்குப் புடிச்சவன். ஒரு மாசம் ஆச்சுங்க ஒரு உருவத்துக்கு வர்றதுக்கு. இதுல ஒரு கூத்து என்னன்னா, அந்தச் சாமானை லேத்துல மாட்டிட்டா லேத்து லேத்தா ஓடாது. கழட்டி மாட்ட அரை நாளு. அதனால எனக்கு வந்துக்கிட்டிருந்த உருண்டை வேலையும் நின்னு போச்சு. வட்டமில்லாத வேலைக்குக் கை இல்ல, வட்ட வேலைக்கு லேத் இல்ல. நான் பாட்டுக்கு நடுவுல ஸ்டூல்ல உக்காந்திருக்கறேன்.

மொத ஓட்டத்துக்கு மயில்சாமியைக் கூப்பிட்டேன், பாத்து வாயைப் பொளக்கட்டும்னு. சுவிட்சைப் போட்டேன். அரம் மேல போச்சு பாருங்க, டைப் பட்டையைத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு. நேராப் பறந்து போயி செவுத்துல முருகர் காலண்டர்ல அடிச்சுது. நல்ல வேளை, மயிலு மேலதான் பட்டுச்சு. காலண்டர் மயிலுங்க, மயில்சாமி தப்பிச்சுக்கிட்டான். எனக்கு ஒண்ணும் ஓடல. ஊட்டு வாசப்படியில வசந்தாமணி கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தா. தலை நிமிராமயே, "அரத்தைத் தலைகீழாப் புடிங்க"ன்னா. அட ஆமா! அரத்துப் பல்லு மூக்கு நுனியப் பாத்துத்தான இருக்கும். வாலைப் புடிச்சு நிறுத்துனா மேல போறப்பக் கடிக்குது, டையைத் தூக்குது. மூக்கைக் கீழ புடிச்சா எறங்கறப்பக் கடிக்கும், டையும் மேடையோட ஒக்காந்துரும். நானே கண்டுபிடிச்சிருப்பேன், ரெண்டு நாள் எச்சா ஆயிருக்கும்.

ரெண்டாவது ஓட்டம், பறக்கல. கத்துச்சு. அந்தக் கத்தல்ல தெரு நாயெல்லாம் ஷெட்டுக்கு முன்னால வந்து உக்காந்து பதில் குடுக்குதுங்க. பத்தே நிமிசத்துல புது அரம் மொட்டையாப் போச்சு. வாசப்படியில இருந்து, "மெதுவா ஓட்டுங்க"ன்னா. ஓட்டுனேன். கத்தல் நின்னுது, ஆனா அரம் அப்பவும் மழுங்குது. மறுக்கா கேட்டேன், இது ஏன் புள்ளன்னு. அரிசியில கல்லுப் பொறுக்கிக்கிட்டே சொன்னா, "போறப்ப அழுத்தோணும், வர்றப்ப உட்டுக் குடுக்கோணும். நீங்க வர்றப்பவும் அழுத்தறீங்க." அதுக்கு ஒரு மொபெட் ஸ்பிரிங்கைப் போட்டு, அரம் திரும்பறப்பச் சித்த ஒதுங்கற மாதிரி பண்ணுனேன். சரியாப் போச்சு. அவ என்னமோ மெஷினைப் பத்தி மட்டுந்தான் பேசுனா.

இனி மிச்சம் அந்தக் காடி, அதுவரைக்கும் உத்தேசமா வெட்டுன ஒண்ணை வெச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். முளை ஓடற காடியைத் துல்லியமா வெச்சாத்தான் சட்டம் ஆடாம ஏறி எறங்கும். அதை எப்படிச் செய்யறது? வரிசையா ஓட்டை போட்டு, வெட்டியெடுத்து, அப்பறம் ராவோணும். சிரிக்காதீங்க. ராவற மெஷின் செய்யறதுக்கே ராவோணும். கடையில ஒரு அரம் வாங்கியாந்து நானே ராவுனேன், நாலு நாளு. நடுவுல தொப்பை, ரெண்டு ஓரத்துலயும் இடுப்பு. முளையை உட்டா ஒரு பக்கம் முட்டுது, ஒரு பக்கம் லொடலொடங்குது. வெறுத்துப் போயி அதைச் சமையக்கட்டு மேடையில வெச்சுட்டு பெல்ட் வாங்க டவுன்ஹால் போய்ட்டேன். ஏன் அங்க வெச்சேன்னு கேக்காதீங்க. கை போன எடத்துல வெச்சேன்.

மத்தியானம் வந்து பாக்கறேன், சட்டம் லேத்து மேல இருக்குது. முளையை உட்டேன். எண்ணெய் கூட இல்லாம வழுக்கிக்கிட்டுப் போகுது தம்பி! தூக்கிப் பாத்தா, ரெண்டு பக்கமும் அந்தத் தலைமுடி வெளிச்சம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவ வாசப்படியில நின்னு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா. ஏதாச்சும் சொல்லுவேன்னு நின்னாளோ என்னமோ. நானும் சொன்னேன். "பரவால்லையே, தோள் சரியாப் போச்சாட்டம் இருக்குது! அப்ப ஜெகநாதனோட டையை எடுத்து வெக்கட்டுமா?"ன்னேன். "இல்லீங்க, வலிக்குது"ன்னு உள்ள போய்ட்டா. பாருங்க, அவ்வளவு நாள் ஆறிக்கிட்டு வந்த வலி, ஒரே மத்தியானத்துல திரும்பிருச்சு.

தை மாசம் மெஷின் ஓடுச்சுங்க. நல்ல நாள் பாத்து மாலை போட்டு, தேங்காய் ஒடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சேன். நடுவுல, ரெண்டு பக்கத்துல, ஒவ்வொரு போல்ட்டுக்கும் வெச்சேன். மயில்சாமிய உட்டுச் செவப்பு பெயிண்ட்டுல பேரும் எழுத வெச்சேன். "வசந்தா." அவளுக்கு எம்மாஞ் சந்தோசமா இருக்கும்னு நெனச்சுப் பாருங்க, புருசன் கையால செஞ்ச மெஷினுக்கு அவ பேரு! அவ வந்து பாத்தா. பேரைப் பாத்தா, பொட்டைப் பாத்தா. "இதுக்குப் பொட்டு வெச்சீங்களா"ன்னா. "புது மெஷினாச்சே புள்ள!"ன்னேன். "ஆமா, மெஷினாச்சே"ன்னா.

அதுக்கு மூணாம் நாளு பொள்ளாச்சியில அவ அண்ணன் நாச்சிமுத்து மச்சானோட பேத்திக்குக் காதுகுத்து. மச்சானும் எங்களாட்டந்தான், தேங்காய் நார் அடிக்கற மெஷினுக்கு ரிப்பேர்ப் பட்டறை வெச்சிருக்கறாரு. ரெண்டு பேரும் போனோம். நான் கறிச்சோறு தின்னுட்டுப் பொழுதோட திரும்பிட்டேன், மெஷின் காத்துக்கிட்டிருக்குதில்ல. அவ ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்னா. பெரிய பையில துணியெல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் போயிருந்தா. ஒறம்பரை ஊட்ல நல்லதா நாலு கட்டோணுமில்ல. சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நாங்க சண்டையே போட்டதில்ல.

அந்த ரெண்டு நாளுதான் இன்னைக்கு இருபத்தாறு.

மெஷின் கதையைக் கேளுங்க. ஓடுது. ராவுது. ஆனா எங்க நிறுத்தோணும்னு அதுக்குத் தெரியல, எனக்கும் தெரியல. ஜெகநாதன் டையை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. நட்சத்திரத்துல ஒரு மூலையில வெளிச்சம் ஜன்னலாட்டத் தெரியுது, இன்னொரு மூலையில இருட்டு. டையைக் கீழ வெச்சுட்டு என்ன கேட்டாரு தெரியுமா? "அக்கா எப்ப வருவாங்க?" அன்னைக்கு எனக்குக் கோவம் வரல தம்பி. நானும் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தேன்.

போன்ல பேசுவா. நல்லாத்தான் பேசுவா. சாப்பிட்டீங்களா, கேஸை மூடுனீங்களாம்பா. மச்சான் பட்டறையில சும்மா இருக்க முடியாம அவரு பழைய வைஸ்ல உக்காந்து ராவறாளாம். "ஏம்புள்ள, தோளு?"ன்னேன். "இங்க வலிக்கறதில்லீங்க"ன்னா. ஆழியாத்துத் தண்ணிக்கு அப்படி ஒரு குணம் இருக்கும்போல. முந்தாநாள் பேசறப்பதான் சொன்னா. "அண்ணன் ஜன்னலோரமா எனக்குன்னு ஒரு மேசை போட்டுட்டாருங்க. முடிஞ்சா எம்பட வைஸையும் அந்த அரம் பன்னெண்டையும் கொண்டாந்து குடுத்துருங்க." அதுக்கென்ன புள்ள, ஆளுகிட்டக் குடுத்தா ஒடைச்சுருவாங்க, நானே கொண்டாரேன்னேன். நேத்து முழுக்க மேசையில இருந்து போல்ட்டைக் கழட்டி, பரண் மேல ஏறி அரத்தை எடுத்து... அதாங்க இந்தச் சாக்கு. உள்ள இருக்கறது அவ வைஸு. எனக்கு மனசுக்குள்ள ஒரே குஷி. என்கிட்ட உரிமையா ஒண்ணு கேட்டாளேன்னு.

கிணத்துக்கடவு தாண்டிருச்சுங்களா? பாலத்து மேல போறப்பக் காத்து நல்லா அடிக்குது.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? என்ன, கேளுங்க. பரவால்ல கேளுங்க.

இந்த வைஸுக்குப் பொட்டு வெச்சீங்களான்னு கேக்கறீங்களா? ஆயுத பூசையன்னைக்கா? வெச்சேனே. எல்லாத்துக்கும் வெச்சேன்னு சொன்னனில்ல. லேத்துக்கு நாலு. ட்ரில்லிங் மெஷினுக்கு. சாணைச் சக்கரம், மோட்டாரு, சுவிட்ச் போர்டு, மொபெட்டு, எண்ணெய்க் கேனு, ஸ்டூலு...

வைஸு மேல பொரி மூட்டை இருந்துச்சுங்க.

ஸ்டூலுக்கு வெச்சிருக்கறேன் தம்பி. நான் உக்கார்ற ஸ்டூலுக்கு.

அட கெரகமே. எக்ஸ்ரே எடுத்தனே. தைலம் வாங்கிக் குடுத்தனே. நாலு மாசம், இருக்கற வேலையெல்லாம் உட்டுப்போட்டு, அவ கைக்குப் பதிலா ஒரு கையைச் செஞ்சு, அதுக்கு மாலையும் போட்டு, அவ பேரையே எழுதி, அவளையே கூப்பிட்டுக் காட்டுனேன். அவ அரத்தைப் பூசணிக்காய்ல குத்துனவன். ஒரு வார்த்தை, "நீ ராவுன மாதிரி கோயமுத்தூருல ஆருக்கும் வராது புள்ள"ன்னு ஒரு வார்த்தை முப்பது வருசத்துல சொன்னதில்லீங்க. ஊர்ல எல்லாரும் சொல்றாங்களே, நான் வேற எதுக்குன்னு இருந்துட்டேன்.

அப்ப இந்த வைஸை எதுக்குக் கேட்டா? துணியெல்லாம் மொதல்லயே எடுத்துக்கிட்டுப் போய்ட்டா. அவளுதுன்னு அந்த ஷெட்டுல மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். அதை நானே போல்ட்டைக் கழட்டி, நானே சாக்குல கட்டி, லக்கேஜ் டிக்கெட்டும் போட்டு, பஸ்ஸுல குஷியா... "எப்ப வர்றே"ன்னு நான் கேக்கவே இல்ல தம்பி. இதை வாங்கி வெச்சுக்கிட்டு, "சரிங்க, பாத்துப் போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டான்னா? எனக்குப் பயமா இருக்குதுங்க. நெசமாலுமே பயமா இருக்குது.

இருங்க. ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்தக் கயித்து முடிச்சைச் சித்த அவுத்து உடுங்க, நேத்து இறுக்கிப் போட்டுட்டேன். சட்டைப் பையில ஒரு பொட்டலம் இருக்குது, காலையில தெருமுக்குப் புள்ளையார் கோயில்ல குடுத்த சந்தனமும் குங்குமமும். காஞ்சு போச்சு. உங்க தண்ணி பாட்டல்ல இருந்து ஒரு மூடி, இந்த உள்ளங்கையில. போதும் போதும்.

ஏனுங்க கண்டக்டரே, சிரிக்காதீங்க. தண்டவாளத்துக்குத்தான் பொட்டு வெக்கறேன், போங்க. ஏனுங்க அம்மிணி, காலை நகத்திக்கோங்க.

இங்க பாருங்க தம்பி. இந்த எடத்துல, கவ்வற வாய்க்கு மேல. பழைய சந்தனம், ஒண்ணு மேல ஒண்ணு, பொருக்கு மாதிரி ஒட்டிக்கிட்டிருக்குது. வருசா வருசம் அவளே வெச்சிருக்கறா. நேத்து கழட்டறப்பத் துரு போலன்னு சொரண்டப் பாத்தேன்.

ம். வெச்சுட்டேன். எப்படி இருக்குதுங்க? நடுவுல இருக்குதா? கோணலா? எனக்கும் அப்படித்தான் தெரியுது. முப்பத்தி ரெண்டு வருசத்துல சென்டர் தப்புனது இதான் மொதத் தடவை. பஸ்ஸு ஆட்டம்னு சொல்லிக்கலாம், அவ நம்ப மாட்டா. இருக்கட்டும், கோணலாவே இருக்கட்டும். அரம் பன்னெண்டையும் எடுங்க. அந்த அரைவட்டத்தை மொதல்ல குடுங்க. வால்ல துரு ஏறியிருக்குது பாருங்க, பூசணித் தண்ணி. இதுக்கு ரெண்டாவே வெச்சர்றேன்.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சுங்களா? எறங்கலாம். மூட்டைய மறுபடி கட்ட வேண்டாம், இப்படியே தொறந்தாப்புலயே கொண்டு போறேன், தூரத்துல வர்றப்பவே அவ பாக்கோணும். நீங்க அந்தப் பக்கம் புடிங்க, நான் இந்தப் பக்கம் புடிக்கறேன். மெதுவாங்க. சட்டையில ஒரசாமப் புடிங்க தம்பி, பொட்டு அழிஞ்சுரும்.